கேட்காமல் போட்ட சுருதி

பஞ்சு அதிகமாகிவிட்டது. பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். நாலரை மணிக்கு உள்ளே இருக்க வேண்டியவள், நாலே காலிலிருந்து பப்புக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, மடியில் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு தந்திகளுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டிருக்கிறேன். சுற்றுவதும் பிரிப்பதுமாக இது மூன்றாவது தடவை. ஹர்டி-கர்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள தொல்லைதான் இது. வலது கை கைப்பிடியைச் சுற்றினால் பெட்டிக்குள்ளே ஒரு மரச்சக்கரம் சுழன்று தந்திகளை உரசும். அந்த உரசும் இடத்தில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு துளி பஞ்சை மெல்லிசாக இழுத்துச் சுற்ற வேண்டும். குறைந்தால் கிறீச்சிடும், கூடினால் சளி பிடித்த தொண்டை மாதிரி அடைத்துக்கொள்ளும். இன்றைக்கு அடைத்துக்கொண்டால் நல்லதுதான் என்று ஒரு நினைப்பு வருகிறது. பாட்டு வாசிக்கும் தந்திக்கு மட்டும் சுற்றினால் போதும், ஓரத்தில் இருக்கும் இந்த இரண்டுக்கும் எதற்கு? இடது கை மரப் பொத்தான்களை அழுத்தி என்ன வாசித்தாலும் சட்டை செய்யாமல், ஒரே சுரத்தில் முனகிக்கொண்டே இருக்கிற தந்திகள் இவை. சுருதித் தந்திகள் என்று நான் சொல்வேன், இங்கே டிரோன் என்பார்கள். வேண்டாத நேரத்தில் சக்கரத்தில் படாமல் இழுத்து மாட்டிவைக்கப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டும் கொக்கியில்தான் மாட்டியிருந்தன. யாரும் தட்டிவிடவில்லை, தானாகக் கழன்று விழவும் இல்லை. இந்த விரல்தான், இதோ பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிற இந்த ஆள்காட்டி விரல்தான், ஒரு தந்தியை மெதுவாக எடுத்து, சத்தம் வராமல் சக்கரத்தின் மேல் இறக்கிவைத்தது.

மழை பிடித்துக்கொண்டது. அயர்லாந்தின் இந்தக் கிளேர் மாவட்டத்தில் மழைக்குத் தனியாக ஒரு நேரம் கிடையாது, பேசிக்கொண்டே இருக்கிற ஆள் மாதிரி அதுபாட்டுக்குப் பெய்யும். கண்ணாடி வழியாகப் பப்பின் பச்சைக் கதவு கலங்கித் தெரிகிறது. யாரோ பிடில் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடிப் போகிறார்கள். நானும் அப்படி ஓடிப் போனவள்தான், இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும், இவர்களோடு சேர்ந்து வாசிக்க. போன ஞாயிறும் அப்படித்தான் போனேன். பிரெடாவின் தம்பி கோல்ம் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இங்கேயும் மாதம் முடிந்தால் ஒரு பூசை வைக்கிறார்கள், நம் ஊர் மாதிரியே. பூசை முடிந்து எல்லோரும் பப்புக்கு வந்தார்கள். கோல்ம் அந்த மூலையில் முப்பது வருஷம் புல்லாங்குழல் வாசித்தவர். அவருடைய நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தோம். மூன்று ஜிக், இரண்டு ரீல், எல்லாம் இந்த ஊர் ஆட்ட மெட்டுகள். பிறகு பிரெடா, ஊருக்கு விதையும் உரமும் விற்கிற பெண், அறுபது வயதில் இன்னும் மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் போடுகிறவள், "அவன் பாடுறதை நான் ஒரு தடவை பாடிப் பார்க்கிறேன்" என்றாள். கோல்ம் வருஷத்துக்கு ஒரு முறை பாடும் பாட்டு அது. அவள் அதுவரை வாயைத் திறந்து ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை. பப்காரர் கல்லாவில் உள்ளங்கையால் தட்டி, "ஒரு குரல்!" என்றார். இங்கே பாட்டு ஆரம்பிக்குமுன் அப்படித்தான் சொல்வார்கள். பாடுகிறவருக்கு மட்டும்தான் குரல், மற்ற எல்லோரும் வாத்தியத்தையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு வருஷத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூட வழியில்லை.

பிரெடா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். குரல் உயரமும் இல்லை, ஆழமும் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு நடுக்கம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. அந்தக் குரல் எதிலும் சாயாமல் தனியாக நின்றது எனக்கு என்னவோ செய்தது. சுருதி இல்லாமல் பாடுகிறாளே, பாவம் என்று நினைத்தேன். பாவம்! அந்த வார்த்தைதான் இந்த ஏழு நாளும் என்னைக் கொல்கிறது. அவர்கள் ஊர்ப் பாட்டை, அவள் தம்பிக்காக, அவள் ஊரில் உட்கார்ந்து அவள் பாடுகிறாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒருத்தி, வேலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது, பிரெஞ்சுக்காரி ஒருத்தி ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த மேஜைக்கு வந்தவள், அவளைப் பார்த்துப் பாவம் என்கிறாள். மெதுவாகத் தந்தியை இறக்கினேன். மெதுவாகக் கைப்பிடியைச் சுற்றினேன், கொசு பறக்கிற அளவுக்குத்தான். முதலில் ஒன்றும் ஆகவில்லை. என்ன அழகாகச் சேர்கிறது என்று கூட நினைத்தேன், நாளைக்கு யாராவது வந்து, இங்கே என்னைக் கூப்பிடுகிற சுருக்கப் பெயரில், "வடி, அந்த இடத்தில் நீ கொடுத்தாயே" என்று சொல்வார்கள் என்று கூட ஓடியது மனசு. அவள் இருந்த இடம் என் தந்திக்கு அரை சுரம் மேலே. அது எனக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்தது. கையை நிறுத்தியிருக்கலாம். சட்டென்று நிறுத்தினால் நின்றது தெரியும், தெரிந்தால் யார் என்று திரும்புவார்கள் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். அவள் குரல் என் சுரத்தைத் தேடிக் கீழே இறங்கியது, பிடிக்க முடியாமல் மறுபடி ஏறியது, இரண்டாவது சரணத்தின் நடுவில் எங்கேயோ நின்றது. நின்றேவிட்டது. கண்ணைத் திறந்து, கோபமே இல்லாமல், "யாரது?" என்று கேட்டாள்.

யாரது. வாயில் என்ன கொழுக்கட்டையா எனக்கு? நான்தான் என்று நாலே எழுத்து வார்த்தை வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோனல்தான் வாயைத் திறந்தார். டோனல் வாசிப்பது துருத்தியை முழங்கையால் அழுத்தி வாசிக்கும் பைப். அதிலும் தன்பாட்டுக்கு ஒலிக்கிற சுருதிக் குழல்கள் உண்டு, மூட மறந்தால் முனகும், அந்த முனகலும் என் தந்தியின் முனகலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வாசலோரம் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றபோது, "இங்க வந்து என் பக்கத்துல உக்காரு, உன் சத்தமும் என் சத்தமும் சண்டை போடாது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவர் அவர்தான். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மன்னிச்சுடு பிரெடா, என் குழலை மூடாம விட்டுட்டேன் போல" என்றார். நாற்பது வருஷம் பைப் வாசிக்கிற ஆள், குழலை மூட மறந்தாராம். பிரெடா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தன் கிளாஸை எடுத்துக்கொண்டாள். பிடில்காரர் அவசரமாக ஒரு ரீலை ஆரம்பித்தார். எல்லோரும் வாசித்தார்கள். வெட்கம்கெட்டவள் நானும் வாசித்தேன், தந்தியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி. மூன்று தடவை சுற்றி வாசித்துவிட்டு அடுத்த ரீலுக்குப் போகும்போது டோனல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், சுரம் மாறுகிறது என்று வழக்கமாகச் சொல்கிற அசைப்பு. அது போதாதா, நான் பூமிக்குள் போக.

அதோடு விட்டேனா? திங்கட்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ டோனலுக்கு ஒரு செய்தி போட்டார்கள், அடுத்த வாரம் குழலுக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க என்று. வரிசையாக எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். நான் மட்டும் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று யோசிப்பார்களே என்று நானும் ஒன்று போட்டேன். அதைப் பிறகு அழிக்கப் பார்த்தேன்; அழித்தால் அழித்தேன் என்று காட்டுமோ என்று விட்டுவிட்டேன். இன்னும் அங்கேயே கிடக்கிறது அந்த மஞ்சள் மூஞ்சி, பல்லைக் காட்டிக்கொண்டு. புதன்கிழமை காலையில் ரத்தம் எடுக்க வருகிறவர்கள் பட்டியலில் பிரெடா பெயர் இருந்தது. கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் இந்த ஒரு ஆளை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, பஞ்சும் ஊசியும் அடுக்கிவைக்கிற அறைக்குள் போய் நின்றுகொண்டேன். பத்து நிமிஷம், நாற்பத்தொரு வயதில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. வெளியே அவள் குரல் கேட்டது: "வடி இன்னைக்கு லீவா?" அவள் என்னைத் தேடினாள் என்பதே ஒரு அடி மாதிரி இருந்தது. அந்தக் குரல் சாதாரணமாகப் பேசும்போது எந்தச் சுருதியும் வேண்டாமல் அழகாக இருந்தது. வியாழக்கிழமை தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன். கோமதி அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு ஓவென்று சிரித்தாள். "ஏட்டி, பாடுதவளுக்குச் சுருதி போட்டது ஒரு தப்பாக்கும்? அதுக்காட்டி இப்படி அழுத?" என்றாள். இல்லக்கா, இங்க அப்படி இல்ல, தனியாத்தான் பாடுவாங்க, எந்த இடத்துல தொடங்குதாங்களோ அதுதான் சுருதி என்று சொன்னேன். "சரி போ, போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. சொல்லுததுக்கு என்ன?" என்றாள். சொல்வதற்கு என்ன. அவள் அதைச் சொன்னபோது என் தொண்டைக்குள் இன்னொன்று எழும்பி வந்தது, இருபத்தெட்டு வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கிற ஒன்று. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பஞ்சு இப்போது சரியாக இருக்கிறது. இருந்தும் பிரிக்கிறேன். எனக்குப் பாட வராது என்று ஏழு வயதிலேயே பாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். அக்கா பாடினாள்; நான் சுருதிப்பெட்டி போட்டேன். அப்போது கரண்டில் ஓடுகிற பெட்டி எங்களிடம் இல்லை, துருத்தியைக் கையால் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். தள்ளத் தள்ள அந்த ஒரே சுரம் வீடு முழுக்க நிரம்பும், அதன் மேலே அக்கா ஏறி நடப்பாள். நான் இல்லாவிட்டால் அவள் விழுந்துவிடுவாள் என்று அந்த வயதில் நம்பினேன். என்னிடம் இருந்த ஒரே பெருமை அதுதான். இந்த ஹர்டி-கர்டியை முதல் முதலில் ஒரு கடைத்தெருவில் கேட்டபோது நான் நின்ற இடத்திலேயே நின்றதற்கும் அதுதான் காரணம்: சுருதியும் பாட்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே கையால். இனிமேல் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் பழக்கம் போகுமா, கை தேடிக்கொண்டே இருக்கிறது, எங்கே ஒருத்தி தனியாகப் பாடுகிறாள் என்று. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பாட்டுப் போட்டி, டவுனில் ஒரு பெரிய மண்டபம். அக்காவுக்குப் பதினாறு, எனக்குப் பதின்மூன்று. அக்கா எப்போதும் ஐந்தரைக் கட்டை. நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நடுவர்களின் பட்டுப்புடவையைப் பராக்குப் பார்த்துக்கொண்டே, அதைவிட உயரமான ஆறாம் கட்டைக் குமிழைத் திறந்துவிட்டேன். பாட்டு பாதி போனபிறகுதான் குனிந்து பார்த்தேன். நடுவில் மாற்றினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தள்ளிக்கொண்டே இருந்தேன். மேல் சட்ஜமத்தில் அக்காவின் குரல் உடைந்தது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பானை கீறுகிற மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஐஸ் தின்னாதன்னு எத்தனை தடவ சொன்னேன்" என்று அக்காவைத் திட்டிவிட்டு, மிளகுக் கஷாயம் வைத்தாள். ஏழு நாள், காலையும் மாலையும். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் குடித்தாள். ஒருநாள் நான் பக்கத்தில் போய், "கசக்காக்கா?" என்று கேட்டேன். டம்ளருக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டே, "நீயும் ஒரு மடக்கு குடியேன்ட்டி" என்று நீட்டினாள். எனக்குத்தான் தொண்டை நல்லா இருக்கே என்றேன். அதற்குப் பிறகு அக்கா எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. இப்போது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், யாரும் அதனால் செத்துவிடவில்லை என்று நான் எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பேன்.

நாலு நாற்பது. வீட்டுக்குப் போய்விடலாம். காய்ச்சல் என்று குழுவில் போடலாம். அப்படியே ஒரு மாதம், இரண்டு மாதம். பிறகு பெட்டியை யாருக்காவது விற்றுவிடலாம், ஏதாவது ஒரு பைத்தியம் வாங்கும். அல்லது உள்ளே போய்ப் பிரெடாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாம். தனியாகச் சொன்னால் டோனலுக்கு என்ன லாபம், எல்லோர் முன்னாலும் அல்லவா அவர் தலையில் விழுந்தது? சரி, எல்லோர் முன்னாலும் சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். என்ன சொல்வேன், எங்கள் ஊரில் இது மரியாதை என்றா? அது பொய் இல்லை, ஆனால் அதைச் சொன்னால் பூசி மெழுகுகிறேன் என்றுதான் ஆகும். மரியாதைக்காகச் செய்தவள் யாரது என்று கேட்டதும் எழுந்து நின்றிருப்பாளே. இப்போது கதவைத் திறந்திருக்கிறேன். மழையில் பெட்டி நனையக் கூடாது, சக்கரம் ஊறினால் போச்சு. கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடுகிறேன், கால்தான் ஓடுகிறது, நான் எங்கேயோ பின்னால் வருகிறேன்.

உள்ளே ஈரக் கம்பளியும் பீரும் சேர்ந்த வாசனை. டோனல் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காலால் தள்ளி இடம் விட்டார், போன வாரம் மாதிரியே, அதற்கு முந்தின வாரம் மாதிரியே. "மழையில கரைஞ்சுட்டியோன்னு நினைச்சேன்" என்றார். சிரித்தேன் என்று நினைக்கிறேன். கோல்மின் நாற்காலியில் இன்று யாரோ ஒரு கோட்டைப் போட்டிருந்தார்கள். ஜிக் போய்க்கொண்டிருந்தது, நானும் சேர்ந்துகொண்டேன், இரண்டு சுருதித் தந்திகளும் கொக்கியில். அவை இல்லாமல் என் வாசிப்பு ஒல்லியாக, எலும்பாக இருந்தது, யாருக்கும் அது கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. பிரெடா எதிரே முழங்கையை மேஜையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள், கையில் ரத்தம் எடுத்த இடத்தில் இன்னும் ஒரு சின்ன நீலக் கறை. நானாக இருந்தால் நீலம் கட்டாமல் எடுத்திருப்பேன். ஜிக் முடிந்தது. சொல், இப்போது சொல். பிடில்காரர் ஏதோ ஜோக் சொன்னார். இன்னொரு செட் போனது. இப்போது. யாரோ பானம் வாங்க எழுந்தார்கள். எல்லோரும் உட்காரட்டும், அவர் வந்துவிடட்டும், இந்தச் சிரிப்பு அடங்கட்டும். அப்போதுதான் பப்காரர் கல்லாவிலிருந்து, "பிரெடா, அன்னைக்குப் பாதியில விட்டதை முடிச்சுடேன்" என்றார். பிரெடா தோளைக் குலுக்கிவிட்டு, சரி என்றாள்.

டோனல் முழங்கையிலிருந்து வாரைக் கழற்றினார். இடுப்பு வாரைக் கழற்றினார். துருத்தியையும் பையையும் குழல்களையும் மடியிலிருந்து தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதத்தில் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சாத்தி, இரண்டு பூட்டையும் டக் டக்கென்று போட்டார். "இன்னைக்கு இது வாயைத் திறக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தப்பும் செய்யாத அந்தப் பைப் பெட்டிக்குள் கிடந்தது. என் பெட்டி மடியில் இருந்தது, என் கை கைப்பிடியில் இருந்தது. உள்ளங்கை கல்லாவில் விழுந்தது. "ஒரு குரல்!" பப் முழுக்க ஓய்ந்தது. பிரெடா கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள்.

"அது டோனலோட பைப் இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். பாடவே வராத, தகரம் மாதிரியான என் குரல், அத்தனை பெரிய அமைதியின் நடுவில். "போன வாரம். நான்தான். தெரியாம பட்டது இல்ல, தெரிஞ்சேதான் போட்டேன்." கேட்டதற்கு மேலே சொல்லிவிட்டேன், நேரம் கெட்ட நேரத்தில் சொல்லிவிட்டேன், இரண்டாவது தடவையும் அவள் பாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று காது வரை சூடு ஏறியது. ஒருவரும் திரும்பவில்லை. ஒருவருக்கும் ஆச்சரியமே இல்லை. பிடில்காரர் வில்லின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோனல் தன் கிளாஸை அரை அங்குலம் நகர்த்திவைத்தார். பிரெடா கண்ணைத் திறக்கவில்லை.

"எங்க எல்லாருக்கும் தெரியும், வடி" என்றாள். "பாடுறவளுக்குத் தெரியாதா அது எங்கேருந்து வருதுன்னு? இப்போ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு, நான் பாடணும்."

பாட ஆரம்பித்துவிட்டாள். நான் கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு நின்ற இடத்தைத் தாண்டிக் குரல் போகிறது, நடுங்கிக்கொண்டே, யாரையும் தேடாமல். நான் தரையைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. குழுவில் சிரிப்புப் படம் போட்ட எல்லோருக்கும், நானும் ஒன்று போட்டபோது. பாடுகிறவளுக்குத் தெரியாதா. அக்கா எட்டு வருஷமாக ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவள். வாயைத் திறந்த முதல் சுரத்திலேயே தெரிந்திருக்கும். திரும்பிப் பார்த்து ஒரு கண் காட்டியிருந்தால் போதும், மண்டபமே என்னைப் பார்த்திருக்கும், அவள் திரும்பவில்லை. வீட்டில் அம்மா ஐஸ் என்று திட்டும்போதும் வாயைத் திறக்கவில்லை. ஏழு நாள், காலையும் மாலையும், வராத சளிக்குக் கஷாயம் குடித்தாள். கடைசியில் ஒருநாள் டம்ளரை என் பக்கம் நீட்டி, நீயும் ஒரு மடக்கு குடியேன்ட்டி என்றாள். எனக்குத்தான் தொண்டை நல்லா இருக்கே என்று சொன்னேன்.